பாடிவிட்டு வாசி: சிறுவர்களுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த அனுபவங்கள்

திருச்சியில் வகுப்பு நடத்தும் ஆசிரியை:

குழந்தையை வயலின் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோரில் பலர், "வாய்ப்பாட்டு வேண்டாம், வயலின் மட்டும் போதும்" என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். குழந்தைக்குக் குரல் இல்லை என்று அவர்களாகவே தீர்மானித்திருப்பார்கள். அல்லது பள்ளிக்கூடம், டியூஷன் எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில் இரண்டையும் எப்படிப் படிப்பது என்று கவலைப்படுவார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனாலும் கர்நாடக சங்கீதத்தின் முதல் பயிற்சியான ஸரளி வரிசையின் ஒரு வரியை, ஆதார ஸ்வரத்தை விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டியோடு சேர்ந்து, தாளம் போட்டுப் பாடிக் காட்டிய பிறகே அந்த வரியை வயலினில் வாசிக்கத் தருகிறேன். இந்த விதியை நான் எந்தப் பிள்ளைக்காகவும் தளர்த்துவதில்லை.

வீணையில் ஸ்வரத்தின் இடத்தைக் காட்டும் மெட்டுக் கட்டைகள் இருக்கின்றன. வயலினில் அப்படி எதுவும் இல்லை. விரல் எங்கே விழ வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அந்தக் காதில் ஸ்வரம் தெளிவாகப் பதிந்திருக்கிறதா என்பதைப் பாடச் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்கிறேன். விரல் பலகையில் வண்ணப் பட்டை ஒட்டிக்கொடுக்கும் வழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. தொடக்கத்தில் அது வேலையைச் சுலபமாக்குகிறது என்பது உண்மைதான். குழந்தை வளர்ந்து, அரை அளவு வயலினிலிருந்து முக்கால் அளவுக்கு மாறும்போதுதான் சிக்கல் தெரியவரும். தந்தியின் நீளம் கூடியிருப்பதால் ஒவ்வொரு ஸ்வரத்தின் இடமும் தள்ளிப்போயிருக்கும். பட்டையைப் பார்த்தே பழகிய பிள்ளை மறுபடியும் ஸரளி வரிசையில் வந்து நிற்கும். பாடிப் பழகிய பிள்ளையோ சில வகுப்புகளிலேயே விரல்களைப் புது இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

புரந்தரதாசர் வகுத்ததாக நாம் போற்றும் வரிசைகளை இன்றும் மாயாமாளவகௌளை ராகத்தில்தான் தொடங்குகிறோம். வயலின் கற்கும் சின்னக் கைக்கு அந்த ராகத்தில் ஒரு வசதியும் உண்டு, ஒரு கஷ்டமும் உண்டு. நம் வயலினை ஸ-ப-ஸ-ப என்று சுருதி சேர்ப்பதால், இரண்டாம் தந்தியில் ஸ ரி க ம வாசிக்கும் அதே விரல் அமைப்பு முதல் தந்தியில் ப த நி ஸ வாசிக்கவும் அப்படியே பொருந்துகிறது. கஷ்டம் ரிஷபத்தில், அதாவது ரி-யில் இருக்கிறது. இந்த ராகத்தில் வரும் தாழ்ந்த ரிஷபமான சுத்த ரிஷபத்துக்கு முதல் விரலை, தந்தியை முறுக்கும் பிருடைப் பக்கமாக நன்றாக ஒதுக்கி வைக்க வேண்டும். அங்கிருந்து உயர்ந்த காந்தாரமான (க) அந்தர காந்தாரத்துக்கு இரண்டாம் விரலை எட்டிப் போட வேண்டும். அவ்வளவு விரியாத கை, ரிஷபத்தையே மெல்ல காந்தாரத்தின் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்ளும்.

நான்காம் வகுப்பில் படித்த ஒரு சிறுமிக்கு இந்த ரிஷபம் வாரக்கணக்கில் ஏறியே பேசிக்கொண்டிருந்தது. நான் விரலைப் பிடித்து நகர்த்தி வைத்தால் சரியாகும். கையை எடுத்தால் பழையபடி ஏறிவிடும். ஒரு நாள், "வயலினைக் கீழ வெச்சுட்டு ஸ ரி மட்டும் பாடும்மா" என்றேன். பாடினாள், ரிஷபம் துளியும் பிசகவில்லை. "இப்போ அதையே வாசி" என்றேன். வாசிக்கத் தொடங்கியவள் பாதியில் வில்லை நிறுத்தி, "மிஸ், நான் பாடினது இன்னும் கீழ இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தானாகவே விரலை இழுத்து வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அந்த ரிஷபத்தைப் பற்றி அவளிடம் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

மேல் ஸ-வான மேல் ஷட்ஜத்தைச் சரிபார்க்க வயலினே உதவுகிறது. முதல் தந்தியில் மூன்றாம் விரலால் வாசிக்கும் அந்த ஸ்வரம் சுத்தமாகச் சேர்ந்துவிட்டால், பக்கத்தில் யாரும் தொடாமல் இருக்கும் இரண்டாம் தந்தி தானாக அதிரும். அந்த அதிர்வைக் குனிந்து பார்க்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு அவ்வளவு ஆனந்தம். அதைப் பார்ப்பதற்காகவே திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். மத்தியமத்துக்கு (ம) இப்படி ஒரு துணை இல்லை என்பதால், அங்கே வந்ததும் மறுபடியும் பாடச் சொல்கிறேன்.

வில் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்மணமிட்டு உட்கார்ந்து, வலது காலைச் சற்று முன்னே நீட்டி, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வைப்பது நம் முறை. வயலினின் பாரத்தைக் காலும் தோளும் வாங்கிக்கொள்வதால் இடது கை தந்தியின் மேல் தடையின்றி வழுக்கிப் போக முடிகிறது. ஆனால் கை குட்டையாக இருக்கும் குழந்தை முழு வில்லையும் இழுக்க முயன்றால், முனை வரும்போது வில் கோணிக்கொண்டு, தந்திகளைத் தாங்கும் குதிரையைவிட்டு விலகிவிடும். ஆகவே முதலில் வில்லின் நடுப்பகுதியை மட்டுமே தருகிறேன். முழங்கை தாராளமாகத் திறக்கத் தொடங்கிய பிறகு, ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றுக்கு, ஒரே வில் என்று வெறும் தந்தியில் ஷட்ஜத்தை இழுக்கச் சொல்கிறேன். இங்கேயும் குழந்தை ஒரே மூச்சில் ஷட்ஜத்தைப் பாடிவிட்டுத்தான் வில்லை எடுக்கிறது. மூச்சு எப்படி ஒரேயடியாகத் தீர்ந்துபோகக் கூடாதோ அப்படியே வில்லும் தீர்ந்துபோகக் கூடாது என்பதைத் தனியாக விளக்க வேண்டிய அவசியம் ஏற்படுவதில்லை.

சென்னையில் மேற்கத்திய முறை, கர்நாடக முறை இரண்டையும் கற்பிக்கும் ஆசிரியர்:

டீச்சர் எழுதியிருப்பதை மேற்கத்திய வயலின் பக்கமிருந்தும் வழிமொழிகிறேன். ஜப்பானைச் சேர்ந்த ஷினிச்சி சுசுகி (1898–1998), குழந்தை தாய்மொழியைக் கேட்டுக் கேட்டே பேசக் கற்பதைப் போல இசையையும் கேட்டே கற்க வேண்டும் என்று கருதித் தம் முறையை வகுத்தார். நோட்டேஷன் படிப்பதை அவர் பிற்பாட்டுக்கு ஒத்திவைத்தார். வாசிக்கப்போகும் மெட்டை வீட்டில் நாள்தோறும் கேட்கச் செய்தார். வகுப்பில் பெற்றோரையும் உட்கார வைத்தார். அவருடைய பாடத்திட்டம் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டில்தான் தொடங்குகிறது.

நம்மிடமும் அந்த மெட்டு இருக்கிறது. முத்துஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளைத் தழுவி இயற்றிய நோட்டுஸ்வரங்களில் ஒன்றான 'ச்யாமளே மீனாக்ஷி' அதே மெட்டில் அமைந்தது. அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர்தான் ஐரோப்பிய வாத்தியமான வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் முதன்மையானவர் என்பதை நினைத்தால், நோட்டுஸ்வரத்தைக் குழந்தையின் கையில் முதல் உருப்படியாக வைப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. முதல் வரியை நான் பாடியதுமே, "சார், இது எல்.கே.ஜி. பாட்டு!" என்று ஒரு பையன் துள்ளி எழுந்தான். மெட்டு ஏற்கெனவே தொண்டையில் இருந்ததால், அவன் அந்த வகுப்பு முழுவதும் வில்லைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டால் போதுமானதாக இருந்தது. நோட்டுஸ்வரங்கள் அமைந்த சங்கராபரண ராகத்தின் விரல் அமைப்பும் பிஞ்சுக் கைக்கு மாயாமாளவகௌளையைவிட இதமானது. ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் இல்லாததால் சுருதி பிசகினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் நோட்டுஸ்வரத்திலேயே நெடுநாள் நிறுத்தி வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. அசையாத ஸ்வரங்களை மட்டுமே வாசித்த விரல் இறுகிவிடுகிறது. பிறகு அதை அசைய வைப்பது பெரும்பாடு.

மதுரையில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த ஆசிரியர்:

தம்பி கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து தொடங்குகிறேன். கமகத்தை விரலுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. தோடி ராகத்தின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கிறது. சங்கராபரணத்தின் காந்தாரம் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. 'இத்தனை முறை ஆட்டு' என்று கணக்குச் சொன்னால் குழந்தை விரலை உதறத்தான் செய்யும். மெதுவாகப் பாடவைத்தால், எந்த இடத்தில் புறப்பட்டு எதைத் தொட்டுத் திரும்புகிறோம் என்பதை அதுவே உணர்ந்து கொள்ளும்.

ஆகையால் உருப்படிகளின் வரிசையில் நான் அவசரப்படுவதில்லை. மலஹரி ராகத்தில் அமைந்த எளிய பாடல்களான கீதங்கள் முடிந்து, ஜதிஸ்வரம் முடிந்து, அடுத்த படியான வர்ணங்களில் முதலாவதாக ராமநாதபுரம் சீனிவாச ஐயங்காரின் மோகன ராக வர்ணமான 'நின்னுக்கோரி'க்கு வருகிறேன். சாகித்யத்தோடு, அதாவது பாடல் வரிகளோடு, அதைப் பாடத் தெரிந்த பிள்ளை, ஓர் உயிரெழுத்து நீளும் இடத்தில் வில்லை மாற்றாது. அடுத்த சொல் பிறக்கும் இடத்தில்தான் மாற்றும். வயலின் மேதை லால்குடி ஜெயராமன் அவர்களின் வாசிப்பில் சாகித்யத்தின் சொற்கள் பிரிந்து கேட்பதைச் சுட்டிக்காட்டி, இதே காரணத்துக்காக அவருடைய ஒலிப்பதிவுகளைப் பிள்ளைகளைக் கேட்கச் சொல்கிறேன். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் தோடி வர்ணமான 'ஏரா நாபை' வெகு பின்னால்தான் வரும்; மேடைக்காக அதை முன்னே இழுத்துப் பாழாக்கிய வாசிப்புகளை நிறையக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் குரல் உடையும் வயதுப் பையன்கள் விஷயத்தில் எனக்கு இன்னும் தடுமாற்றம் உண்டு. அதுவரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று வாயைத் திறக்கவே கூசுவான். அதே சமயத்தில் விரல் வேகமாக முன்னேறிக்கொண்டிருக்கும். திருச்சி அம்மா இதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

திருச்சி ஆசிரியை:

ஐயா கேட்டது எனக்கும் ஆண்டுதோறும் வரும் பிரச்சினைதான். அந்தப் பருவத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அவர்களைப் பாடச் சொல்வதில்லை. தனி வகுப்பில், கதவைச் சாத்திக்கொண்டு, நானும் கூடவே பாடுகிறேன். வயலினின் சுருதியை மாற்றுவதில்லை. மேல் ஸ்தாயியை முழுவதுமாக விட்டுவிட்டு, தொண்டைக்கு எட்டும் ஸ்தாயியில் முனகினாலும் போதும் என்று சொல்லிவிடுகிறேன். அதுவும் முடியாத நாளில் ஸ்வரத்தை மட்டும் தாளத்தோடு சொல்லச் சொல்கிறேன். சுருதியைச் சுருதிப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. இந்த மாதங்களில் புதிய வர்ணம் எதையும் எடுக்காமல், ஏற்கெனவே பாடிப் பழகியவற்றை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வாசிக்கவைத்து வில்லைச் செப்பனிடுகிறோம். குரல் நிலைகொண்டதும் முதலில் பாடுவதற்கு ஆபோகி ராக வர்ணத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.