ஷொப்பிஃபையா, சொந்தமாக எழுதுவிப்பதா? யாழ்ப்பாணக் கடைக்கு எது சரிவரும்?

சுன்னாகம்_கடை:
எங்கள் கடையில் நல்லெண்ணெய், கறித்தூள், பனங்கட்டி, ஒடியல், வடகம் விற்கிறோம். இதுவரை பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும்தான் ஓடர் எடுத்தோம். நல்லூர்த் திருவிழா நேரம் வந்தால் யார் காசு போட்டார், யாருக்குப் பொதி போனது என்று ஒரு கணக்கும் பிடிபடாது. ஒழுங்கான இணையக்கடை ஒன்று வேண்டும். இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு நிறுவனம் முழுக்கப் புதிதாக எழுதித் தர ஆறு லட்சம் கேட்கிறது. தங்கச்சியோ, மாத வாடகைக்கு எடுக்கும் ஆயத்தக் கடைத் தளமான ஷொப்பிஃபையில் போட்டால் இந்தக் கிழமையே விற்கத் தொடங்கலாம் என்கிறாள். வாங்குபவர்களில் பாதிப் பேர் கனடா, லண்டன். காசு கட்டுவது அங்கே, சாமான் போவது இங்கே மானிப்பாயில் இருக்கும் அம்மாவுக்கு. என்ன செய்யலாம்?

கோப்பாய்_கோடர்:
சொந்தமாக எழுதுவியுங்கள் அண்ணை. நீங்கள் கடைசியில் சொன்னதுதான் காரணம். ரொறன்ரோவில் இருக்கும் மகன் ஓடர் போடுகிறார். அம்மாவின் ஃபோன் நம்பர், வீடு எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை, பொதிக்குள் விலைச்சீட்டு வைக்கலாமா, எப்போது வீட்டில் ஆள் இருக்கும், இவ்வளவையும் காசு கட்டும் பக்கத்திலேயே கேட்க வேண்டும். ஷொப்பிஃபையில் அந்தப் பக்கத்தில் விரும்பியபடி கை வைக்க பிளஸ் திட்டம் வேண்டும். அது மாதம் 2,300 டொலரில் தொடங்குகிறது. நாங்கள் எழுதினால் நாலு பெட்டி கூடப் போடுவது ஒரு வேலையே இல்லை.

நெல்லியடி_அக்கா:
தம்பி, இதற்குப் போய் பிளஸா? கட்டுகிறவர் முகவரி வேறு, பெறுகிறவர் முகவரி வேறு என்று போடும் வசதி சின்னத் திட்டத்திலேயே இருக்கிறது. கோயிலடியையும் ஒழுங்கையையும் எழுத, கூடைப் பக்கத்தில் ஒரு குறிப்புப் பெட்டி போதும். என் உடுப்புக் கடை அப்படித்தான் ஓடுகிறது. எங்கள் ஊரில் 40000 என்று தபால் குறியீடு போட்டால் மட்டும் வீடு பிடிபடுமா, கூரியர்ப் பையன் எப்படியும் ஃபோன் எடுத்துத்தான் வருவான்.

இதற்கு முன் எனக்கும் ஒருவர் சொந்தமாக எழுதித் தந்தார். நல்ல வடிவான கடை. டொமைன் என்கிற இணைய முகவரி, ஹோஸ்டிங் என்கிற சேர்வர் இடம் இரண்டும் அவர் பெயரில். பிறகு அவர் வெளிநாடு போய்விட்டார். தீபாவளிக்கு முதல் கிழமை கடை படுத்துவிட்டது. அவருக்கு அங்கே இரவு வேலை, எங்களுக்குப் பகலில் பதில் இல்லை. வேறு ஒருவரிடம் காட்டினால், அவர் எழுதியதைப் படித்துத் திருத்துவதை விடப் புதிதாக எழுதுவது மலிவு என்றார். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இங்கே தாராளமாக இருக்கிறார்கள். இங்கேயே இருப்பார்களா என்றுதான் கேட்க வேண்டும்.

கோப்பாய்_கோடர்:
அக்கா, அது ஒப்பந்தத்தில் வந்த பிழை. டொட் எல்கே டொமைனைக் கடைக்காரர் தன் பெயரிலேயே எடுக்கலாம், நிரல் முழுவதையும் தன் கணக்கிலேயே வைத்திருக்கலாம். ஆயத்தத் தளம் என்றால் என்றைக்கும் நிற்கும் என்றும் நினைக்காதீர்கள். மஜெண்டோ என்றும் ஒரு ஆயத்தக் கடை மென்பொருள், அதன் முதல் பதிப்பான மஜெண்டோ 1க்கான ஆதரவை 2020 ஜூனில் நிறுத்தினார்கள். அதில் கடை போட்டிருந்தவர்கள் மஜெண்டோ 2க்குப் போனாலும் பாதிக்கு மேல் திரும்ப எழுத வேண்டி வந்தது.

நெல்லியடி_அக்கா:
நீங்கள் லாராவெல் என்ற நிரல் சட்டகத்தில்தானே எழுதுவீர்கள்? அதிலும் ஒரு பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் இரண்டு வருடம்தான். அதற்குப் பிறகு மேம்படுத்தும் காசு யார் தருவது? ஆறு லட்சத்துக்குள்ளா, வெளியேயா?

கணக்குப்பிள்ளை:
காசைப் பற்றிக் கதைக்கிறீர்கள், கணக்கை ஒருவரும் போடவில்லை. ஷொப்பிஃபையின் சொந்தக் கட்டண வசதி இலங்கையில் இல்லை. காட்டில் காசு வாங்கித் தரும் ஸ்ட்ரைப்பும் இல்லை. பேபாலில் இங்கிருந்து காசு அனுப்பலாம், பெற முடியாது. ஆகவே பேஹியர் போன்ற உள்ளூர்க் கட்டண நுழைவாயில் ஒன்றை இணைக்க வேண்டும். அதன் கழிவு எந்த வழியில் போனாலும் உண்டு, அதை விடுங்கள். ஆனால் வெளி நுழைவாயில் பாவித்தால் ஷொப்பிஃபை அடிப்படைத் திட்டத்தில் தனக்கும் 2 வீதம் எடுக்கும்.

அமெரிக்க விலைப்பட்டியலில் அந்தத் திட்டம் மாதம் 39 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 11,700. மாதம் மூன்று லட்சத்துக்கு விற்றால் 2 வீதம் 6,000. கூட்டினால் 17,700. மூன்று வருடத்தில் 6,37,200. ஆறு லட்சத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் இதையும் பாருங்கள். இன்னும் ஒன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. அன்று திட்டம் 29 டொலர். 5,800 ரூபாவாக இருந்த பில் பத்தாயிரத்தைத் தாண்டியது. அடுத்த வருடம் விலையையே 39 ஆக்கினார்கள். விற்பனை ரூபாவில், வாடகை டொலரில்!

நெல்லியடி_அக்கா:
அண்ணை, அந்த 2 வீதம் எல்லா விற்பனைக்கும் இல்லை. சாமான் கையில் கிடைத்ததும் காசு, வங்கியில் வைப்பு, இந்த இரண்டுக்கும் அதை எடுப்பதில்லை. உள்ளூர் ஓடரில் பெரும்பகுதி அப்படித்தானே வருகிறது.

கணக்குப்பிள்ளை:
உண்மை. ஆனால் இவருடைய வாடிக்கையாளரில் பாதி வெளிநாட்டுக் காட். அந்தப் பாதிக்குக் கட்டத்தான் வேண்டும். கோடர் தம்பி சந்தோஷப்பட வேண்டாம், உங்கள் ஆறு லட்சத்துக்குள் பராமரிப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கோப்பாய்_கோடர்:
அந்த நிறுவனத்தின் விலைப்பட்டியல் எனக்குத் தெரியாது. எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நான் செய்தால் முதல் வருடம் சேர்த்துத்தான் விலை சொல்வேன்.

வூ_ரசிகன்:
இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள், இடையில் வூகொமர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 2011 முதல் இருக்கிற திறந்த மூலக் கடை மென்பொருள், நிரலை யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், வேர்ட்பிரஸ் என்ற இணையத்தள மென்பொருளில் ஓடும். மாத வாடகை இல்லை, 2 வீதம் இல்லை, பேஹியரை இணைக்கும் செருகி இருக்கிறது. ஒழுங்கை, கோயிலடிப் பெட்டிகளையும் காசு கட்டும் பக்கத்திலேயே சேர்க்கலாம். ஒருவர் வெளிநாடு போனாலும் வேர்ட்பிரஸ் தெரிந்த இன்னொருவரைப் பிடிப்பது கஷ்டமில்லை.

நெல்லியடி_அக்கா:
இலவசம் என்று சொல்லி ஆட்களை ஏமாற்றாதீர்கள். 2021 ஜூலையில் வூகொமர்ஸில் தரவுத்தளத்துக்குள் புகக்கூடிய பெரிய ஓட்டை கண்டுபிடித்து அவசரமாக அடைத்தார்கள். அப்படி ஒன்று திரும்ப வந்தால் எண்ணெய்க் கடை அண்ணை எழும்பிப் பார்ப்பாரா?

வூ_ரசிகன்:
அந்தத் திருத்தத்தைப் பெரும்பாலான கடைகளுக்கு அவர்களே தானாக அனுப்பினார்கள் அக்கா. காட் விவரமும் நுழைவாயிலின் பக்கத்தில்தான் எழுதப்படுகிறது, கடைக்குள் தங்காது. ஆனால் பெயர், முகவரி, ஃபோன் தங்கும், அதை மறுக்கவில்லை. மாதம் ஒருவருக்குச் சின்னத் தொகை கொடுத்துப் பிரதி எடுக்கவும் மேம்படுத்தவும் விட வேண்டும்.

சுன்னாகம்_கடை:
எல்லோருக்கும் நன்றி. டொமைனை இன்றைக்கே என் பெயரில் எடுக்கிறேன். நல்லூர் கொடியேறுவதற்கு முன் கடை திறக்க வேண்டும் என்பதால் ஆறு லட்சத்து வேலை இப்போது சரிவராது. வூகொமர்ஸில் பன்னிரண்டு சாமானோடு தொடங்கப் போகிறேன், உள்ளூர் விநியோகம் மட்டும். வூ தம்பி, அந்த மாதத் தொகை எவ்வளவு என்று உள்பெட்டியில் சொல்லுங்கள்.

கோப்பாய்_கோடர்:
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கறுத்தக்கொழும்பான் காலத்தில் முன்பதிவு எடுக்கத் தொடங்கி, பழம் பழுக்கிற திகதிக்கு ஓடரைப் பிரிக்க வேண்டி வரும்போது எழுதுங்கள், பார்ப்போம்.

நெல்லியடி_அக்கா:
அண்ணை மாம்பழம் விற்கிறேன் என்று எங்கே சொன்னார்?