மேக் ஆப் ஸ்டோருக்காக வெப்எஞ்சினைக் கைவிடலாமா?

கொள்ளிடக்கரை:
வணக்கம். க்யூட்டியில் (பல இயங்குதளங்களுக்கும் செயலி எழுத உதவும் கருவித்தொகுப்பு) எழுதிய கேள்வித்தாள் தயாரிக்கும் செயலி ஒன்று வைத்திருக்கிறேன். இடப்பக்கம் வினாப் பட்டியல், வலப்பக்கம் தாளின் முன்னோட்டம். அந்த வலப்பக்கம் முழுக்க, செயலிக்குள் வலைப்பக்கம் காட்டும் க்யூட்டி வெப்எஞ்சின்தான். விண்டோஸ், மேக் இரண்டுக்கும் எங்கள் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்கிறார்கள். இப்போது இரண்டு பள்ளிகள் மேக் ஆப் ஸ்டோரில் இருந்தால்தான் நிறுவ முடியும் என்கின்றன. வெப்எஞ்சின் சேர்த்த செயலி அந்த ஸ்டோருக்கு ஒத்துவராது என்று க்யூட்டி ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. அதை எடுத்துவிட்டு மேக்கின் சொந்த வலைக்காட்சிப் பகுதியான டபிள்யூகேவெப்வியூவைப் பொருத்தலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சேந்தன்:
தாராளமாக மாறுங்கள். ஒத்துவராததற்குக் காரணம் இரண்டு. வெப்எஞ்சினுக்குள் இருப்பது குரோமியம், குரோம் உலாவியின் அடித்தளம். ஆப்பிள் தனக்கென்று வைத்திருக்கும் உள் ஏபிஐக்கள் (நிரல்கள் அழைக்கும் செயற்கூறுகள்) சிலவற்றை அது தொடுகிறது. ஸ்டோர் விதி 2.5.1 பொது ஏபிஐ மட்டும்தான் என்று சொல்கிறது. அடுத்தது சாண்ட்பாக்ஸ், அதாவது செயலி எதையெல்லாம் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் வேலி. 2012 ஜூனிலிருந்து ஸ்டோருக்கு வரும் மேக் செயலிகளுக்கு அது கட்டாயம். குரோமியமும் தனக்கென்று ஒரு சாண்ட்பாக்ஸ் கட்டிக்கொள்ளும். இரண்டும் ஒன்றோடொன்று முட்டும்.

டபிள்யூகேவெப்வியூ 2014இல் மேக்கின் யோசெமிட்டி பதிப்போடு வந்தது. பக்கத்தை ஓட்டும் வேலையை இயங்குதளமே தனிப் பிராசஸில் வைத்துப் பார்த்துக்கொள்கிறது. உங்கள் செயலியின் எடையும் நன்றாகக் குறையும். எனக்கு இதைவிட முக்கியம் பாதுகாப்பு. குரோமியத்தில் ஓட்டை ஒன்று தெரியவந்தால், புது க்யூட்டிக்குக் காத்திருந்து, மறுபடி பில்ட் செய்து, ஒவ்வொரு பள்ளிக்கும் கொண்டுசேர்க்க வேண்டியது நீங்கள்தான். டபிள்யூகேவெப்வியூவுக்குள் இருக்கும் வெப்கிட் (சஃபாரியின் எஞ்சின்) என்றால் மேக்கின் அப்டேட்டோடு திருத்தம் வந்துவிடும். சிறு குழு சுமக்க வேண்டிய பாரமா அது?

மருதநிலா:
குரோமியம் என்றாலே ஸ்டோர் கதவு மூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வலைத் தொழில்நுட்பத்தில் கணினிச் செயலி எழுத உதவும் எலக்ட்ரானும் குரோமியம்தான். 2019 கடைசியில் எலக்ட்ரான் செயலிகள் திருப்பி அனுப்பப்பட்டன. காரணமாகக் காட்டியவை சிஏகான்டெக்ஸ்ட், சிஏலேயர்ஹோஸ்ட் மாதிரியான உள் கிளாஸ்கள். அதன்பிறகு எலக்ட்ரான் குழு ஸ்டோருக்கான தனி பில்டில் அவற்றை விலக்கியது. இன்றும் அந்த பில்ட் வழியாகச் செயலிகள் ஸ்டோருக்குப் போகின்றன. விதி 2.5.6 வெப்கிட்டைக் கட்டாயமாக்குவதும் வலையில் உலாவும் செயலிகளுக்குத்தான். ஆகவே இது க்யூட்டி வெப்எஞ்சினின் தடை, குரோமியத்தின் தலையெழுத்து இல்லை.

என் கவலை வேறு. இது கேள்வித்தாள். ஆசிரியர் வீட்டில் விண்டோஸில் தயாரித்து, பள்ளியில் மேக்கில் அச்செடுப்பார். எழுத்துகளை அடுக்க குரோமியம் ஹார்ஃப்பஸ்ஸைப் பயன்படுத்துகிறது, வெப்கிட் கோர் டெக்ஸ்டை. "கீழ்க்காணும் தொடர்களில் பொருந்தாததைத் தேர்ந்தெடுத்து எழுதுக" என்ற வரியில் கடைசிச் சொல் ஓரத்தில் மயிரிழையில் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு பிக்சல் கூடினால் "எழுதுக" அடுத்த வரிக்கு இறங்கும். தமிழ்ச் சொற்கள் நீளம், அதனால் இது அடிக்கடி நடக்கும். ஒரு வரி கூடினால் 12ஆம் கேள்வி அடுத்த பக்கத்துக்குப் போகும். நாற்பது பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு தாள். ஸ்டோரில் இடம் கிடைத்தது என்று அந்த ஆசிரியர் மகிழ்வாரா?

சேந்தன்:
நியாயமான கவலைதான், ஆனால் தீர்க்கக்கூடியது. எழுத்துருவைச் செயலிக்குள்ளேயே வைத்து இரு பக்கமும் அதையே ஏற்றுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்க நடுவில் உடையாதபடி சிஎஸ்எஸ்ஸில் எழுதுங்கள். ஒன்று மட்டும் கவனம்: டபிள்யூகேவெப்வியூவில் கிரியேட்பிடிஎஃப் என்று ஒன்று இருக்கிறது. அது பக்கம் பிரிக்காது, முழுத் தாளையும் நீளமான ஒரே பக்கமாகத் தரும். ஏ4 வேண்டுமென்றால் மேக்ஓஎஸ் 11இல் வந்த பிரின்ட்ஆபரேஷன் வழியாகப் போங்கள்.

யாழ்ப்பாவை:
இந்த மாற்றத்தை நான் செய்திருக்கிறேன், அதனால் கையில் பட்டதைச் சொல்கிறேன்.

மேக்கின் திரைக்கூறுகளை உள்ளே பொருத்த க்யூட்டி 5இல் இருந்த க்யூமேக்கோகோவாவியூகன்டெய்னர் 6இல் இல்லை. க்யூவிண்டோவின் ஃப்ரம்வின்ஐடியில் மேக்கின் திரைக்கூறான என்எஸ்வியூவைக் கொடுத்து, கிரியேட்விண்டோகன்டெய்னரில் போட வேண்டும். அப்படிப் பொருத்திய வெப்வியூ எப்போதும் மேலே நிற்கும். அதன் மேல் க்யூட்டியில் வரைகிற எதுவும் அடியில் போய்விடும். என் செயலியில் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்தால் பரிந்துரைப் பட்டியல் திறக்கும். மாறிய முதல் நாள் அதன் மேல் ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது, மீதி வெப்வியூவுக்குப் பின்னால். கடைசியில் அந்தப் பட்டியலை எச்டிஎம்எல்லுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தேன்.

அப்புறம், சாண்ட்பாக்ஸ் போட்டதும் பக்கம் வெள்ளையாக வந்தது. எல்லாமே உள்ளூர்க் கோப்புதானே, இணையம் எதற்கு என்று நெட்வொர்க் கிளையன்ட் என்டைட்டில்மென்ட்டை (இணையத்தை அணுகும் அனுமதி) நான் கொடுக்கவில்லை. இணையத்துக்கே போகாவிட்டாலும் டபிள்யூகேவெப்வியூவுக்கு அது வேண்டும். இரண்டு நாள் போனது. பக்கத்தின் ஸ்கிரிப்டும் செயலியும் பேசிக்கொள்ள உதவும் க்யூட்டியின் வெப்சேனல் அப்படியே வராது, ஸ்கிரிப்ட்மெசேஜ்ஹேண்ட்லருக்கு மாற்றி எழுத வேண்டும். உள்ளூர்க் கோப்புகளை ஸ்கிரிப்டிலிருந்து எடுக்கும்போது தடை வந்தால், யுஆர்எல்ஸ்கீம்ஹேண்ட்லரில் சொந்த ஸ்கீம் (முகவரி வகை) ஒன்று வையுங்கள். சஃபாரியின் இன்ஸ்பெக்டரில் பார்க்க மேக்ஓஎஸ் 13.3இலிருந்து இஸ்இன்ஸ்பெக்டபிளை நீங்களே இயக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாறியது சரி என்றே நினைக்கிறேன். பழைய கோடைவிடச் சின்னது, எனக்கு முழுசாகப் புரிகிறது.

மருதநிலா:
யாழ்ப்பாவை, உங்களுடையது மேக்குக்கு மட்டுமான செயலியா? கொள்ளிடக்கரைக்கு விண்டோஸும் உண்டு. அங்கே வெப்எஞ்சின், இங்கே வெப்கிட் என்றால் இனி ஒவ்வொரு மாற்றத்தையும் இருமுறை சோதிக்க வேண்டும், அதுவும் காலம் முழுக்க. ஒரே எழுத்துருவை ஏற்றினாலும் வரி உடைப்பு ஒன்றாக இருக்கும் என்று உறுதி கிடையாது. பள்ளிகளில் பழைய ஐமேக்குகள் நிறைய. அப்டேட் நின்றுபோன மேக்கில் வெப்கிட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். சேந்தன் சொன்ன பாதுகாப்பு அங்கே வராது.

கொள்ளிடக்கரை, பள்ளியிடம் ஒன்று கேளுங்கள். எம்டிஎம் (கணினிகளை மொத்தமாக ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) வைத்து மேக்குகளை நிர்வகிக்கிறார்களா? அப்படியானால் ஆப்பிளின் டெவலப்பர் ஐடியில் கையெழுத்திட்டு நோட்டரைஸ் செய்த (ஆப்பிளின் சோதனையில் தேறிய) பிகேஜி நிறுவல் கோப்பை அவர்களே எல்லாக் கணினிக்கும் தள்ளலாம். ஸ்டோரே தேவைப்படாது.

சேந்தன்:
எம்டிஎம் இருந்தால் நிலா சொல்வது நல்ல வழி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிர்வாகிக்கென்று ஆள் இல்லாத பள்ளியில் கணினி ஆசிரியர்தான் எல்லாம். அவருக்கு ஸ்டோரில் ஒரு பொத்தானை அழுத்துவதுதான் முடியும். அந்த ஆளை விட்டுவிட வேண்டாம்.

கொள்ளிடக்கரை:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு பள்ளிகளிடமும் கேட்டேன். ஒன்றில் எம்டிஎம் இருக்கிறது, பிகேஜி போதுமாம். அங்கே வெப்எஞ்சின் அப்படியே தொடரும். இன்னொன்று சேந்தன் சொன்ன மாதிரியான பள்ளி. அதற்காக முன்னோட்டத்தை ஒரு இன்டர்ஃபேஸுக்குப் பின்னால் தள்ளி, ஸ்டோர் பில்டில் மட்டும் டபிள்யூகேவெப்வியூவை வைத்துப் பார்க்கிறேன். நேற்று இரவு முதல் முறை ஓடியது. வெள்ளைப் பக்கம்தான் வந்தது. யாழ்ப்பாவை சொன்ன என்டைட்டில்மென்ட்டைச் சேர்த்ததும் தாள் வந்துவிட்டது. நாளை பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாள் ஒன்றை இரண்டிலும் அச்செடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து சன்னல் வெளிச்சத்தில் பார்க்கப்போகிறேன்.

மருதநிலா:
பாருங்கள். 12ஆம் கேள்வி எந்தப் பக்கத்தில் விழுந்தது என்று இங்கேயே எழுதுங்கள்.