40 நாள் குழந்தை, தாய்ப்பால்: கருத்தடைக்கு எது நல்லது?

குமுளிக்காரி:
வீட்டுக்காரர் வண்டன்மேடு ஏலத்தோட்டத்தில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். பால் கொடுக்கும்வரை ஒன்றும் ஆகாது என்கிறார் மாமியார். ஆனால் என் நாத்தனாருக்கு குழந்தை பிறந்த எட்டாம் மாதமே மறுபடி கரு தங்கிவிட்டது, அவள் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். மருந்துக்கடையில் கேட்டால் மாலா-டி கருத்தடை மாத்திரை அட்டையை நீட்டுகிறார்கள். பால் வற்றிவிடுமோ என்று பயம்.

கம்பத்து அக்கா:
தங்கச்சி, அந்த அட்டை இப்போது வேண்டாம். அதில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கிறது, பால் குறையலாம். பால் கொடுப்பவர்கள் முதல் 6 மாதம் தவிர்ப்பது நல்லது. மாமியார் சொன்னது பாதி உண்மை. குழந்தைக்கு 6 மாதத்துக்குள் இருக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் நம்பாதே.

சாயா என்ற கருத்தடை மாத்திரையில் ஹார்மோன் இல்லை. முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்திருந்தால் வேண்டாம். அந்தரா என்ற கருத்தடை ஊசி பிரசவமாகி 6 வாரம் முடிந்தபின், 3 மாதத்துக்கு ஒருமுறை. அரசு மருத்துவமனையில் இலவசம்.

தேவிகுளம் அம்மா:
நான் அந்தரா போட்டேன். மாதவிலக்கு தாறுமாறானது, பால் குறையவில்லை.

குமுளிக்காரி:
எனக்கு சிசேரியன் அக்கா. கருப்பையில் வைக்கும் காப்பர்-டி போடலாமா?

கம்பத்து அக்கா:
போடலாம்மா. பிரசவமாகி 6 வாரம் கழித்து டாக்டர் பரிசோதித்துப் போடுவார். 380ஏ வகை என்றால் 10 வருடம் தாங்கும், வேண்டாம் என்றால் எப்போதும் எடுத்துவிடலாம். இந்தச் சனிக்கிழமைக்கு ஆணுறை வாங்கி வரச் சொல்.