பராமரிப்புப் பதிவுகளை வேறு மென்பொருளுக்கு மாற்றியவர்கள் உதவுங்கள்

வணக்கம். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் துணை மேலாளராக இருக்கிறேன். இப்போது பயன்படுத்தும் மென்பொருளை விட்டு, என்.எச்.எஸ். (இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவை) அங்கீகரித்த பட்டியலில் உள்ள வேறொன்றுக்கு மாறப் போகிறோம். பழைய நிறுவனத்திடம் பதிவுகளைக் கேட்டால் எல்லாவற்றையும் பி.டி.எஃப். கோப்புகளாகத்தான் தருகிறார்கள். அதைப் படிக்கலாம், அவ்வளவுதான். புதிய மென்பொருளில் ஏற்ற முடியாது.

எனக்குப் பெரிய கவலை 'அபௌட் மீ' பகுதிதான், அதாவது தன்னைப் பராமரிப்பவர்கள் எதையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லும் பகுதி. ஒரு பாட்டிக்கு இடது காதில் கருவியை மாட்டிய பிறகுதான் பேச வேண்டும், இல்லாவிட்டால் பயந்துவிடுவார். இதை அவர் மகளிடம் கேட்டு எழுதி வைத்தோம். பி.ஆர்.எஸ்.பி. (மருத்துவ, பராமரிப்புப் பதிவுகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) வகுத்த தரப்படி இந்த விவரம் தனித் தலைப்பில் இருந்தால், அவசரமாக மருத்துவமனைக்குப் போகும்போது கூடவே போகும். எங்களிடமோ அது தினசரிக் குறிப்புகளுக்குள் புதைந்து கிடக்கிறது.

அப்புறம், சிலருக்கு என்.எச்.எஸ். எண்ணின் (ஒவ்வொருவருக்கும் தனியாக உள்ள மருத்துவ அடையாள எண்) 10 இலக்கங்களில் ஒன்று தவறாகப் பதிவாகியிருக்கிறது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது என்பதால், மென்பொருளே பிழையைப் பிடித்திருக்க வேண்டும்.

இப்படி மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒவ்வாமை, மருந்து விவரங்களைக் கையால் மறுபடி தட்டச்சு செய்தீர்களா, வேறு வழி இருந்ததா? புதிய நிறுவனத்திடம் ஒப்பந்தத்தில் என்னென்ன எழுதி வாங்க வேண்டும்? அடுத்த மாதம் கையெழுத்திட வேண்டும், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.