மறு: மருந்து + தோல் லூபஸ்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். தோல் நோயாளர்களுக்கான கையேடு ஒன்று வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. சில மருந்துகளைச் சாப்பிடும் சிலருக்கு, வெயில் படும் மார்பிலும் முதுகிலும் கைகளிலும் வளையம் வளையமாகச் சிவந்து தடிக்கிறது. ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயாசைடு, படர்தாமரைக்கான டெர்பினாஃபின், நெஞ்செரிச்சலுக்கான ஓமெப்ரசோல் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய் லூபஸ்; மருந்தால் தோலில் வரும் இந்த வகைக்கு 'மருந்துவிளை தோல் லூபஸ்' என்று எழுதினேன். "மருந்து எந்த வயலில் விளைகிறது?" என்கிறார் அச்சகத்துக்காரர்.

புலவர் எழுதியது:
லகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பியம். 'இலூபசு' என்றாவது எழுதுங்கள். அதைவிட, இலத்தீனில் அச்சொல்லுக்கு ஓநாய் என்றுதானே பொருள்? 'செவ்வோநாய்' என்றால் முடிந்தது.

தோல் மருத்துவர் எழுதியது:
ஐயா, கன்னத்தில் சிவப்போடு வரும் பெண்ணிடம் "உனக்குச் செவ்வோநாய்" என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. 'இலூபசு' என்றால் இலவசம் என்று படிப்பார்கள்.

'விளை'யிலும் பிழை இருக்கிறது. ஹைட்ரோகுளோரோதயாசைடால் இது வருவதை 1985-லேயே எழுதிவிட்டார்கள்; அன்றிலிருந்து அதை எத்தனையோ பேர் விழுங்குகிறார்கள், தடிப்பது வெகு சிலருக்கே. பெரும்பாலும் அவர்கள் ரத்தத்தில் 'ரோ' எதிர்ப்பொருள் (தன் உடலையே குறிவைக்கும் புரதம்) இருக்கும். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ தடிப்பு அடங்கும். எதிர்ப்பொருள் பலரிடம் அப்படியே இருக்கும். நோயை மருந்து படைக்கவில்லை, உள்ளே இருந்ததைக் கிளப்பிவிடுகிறது. ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரலசீன், இதயத் துடிப்புக் கோளாறுக்கான புரோகைனமைடு தருவது வேறு வகை லூபஸ்: மூட்டுவலி, காய்ச்சல், தோலில் அவ்வளவாக இராது. ஆகவே பெயரில் 'தோல்' கட்டாயம் வேண்டும்.

புலவர் எழுதியது:
அப்படியானால் 'தூண்டு'. விளக்கைத் தூண்டுகிறவன் நெருப்பை உண்டாக்குவதில்லை. எரியும் திரியை ஏற்றிவிடுகிறான். மறைக்காட்டுக் கோயிலில் நெய் குடிக்க வந்த எலி, மூக்கைச் சுடர் சுட்டதும் தன்னையறியாமல் திரியைத் தூண்டிவிட்டது. அப்பர் குறுக்கைப் பதிகத்தில் இதைப் பாடுகிறார். அந்த எலிதான் மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தி. டாக்டர் அம்மா சொல்லும் மருந்தும் அந்த எலியைப் போன்றதே: நினைத்துச் செய்யவில்லை, சுடர் மட்டும் ஓங்கிவிட்டது. இனி தூண்டில், தூண்டுகோல் இரண்டும் ஒரே வேரா என்பது…

(இதற்கு மேல் பதினொரு பத்தி தூண்டிலைப் பற்றி. வெட்டியிருக்கிறேன். – மொழிபெயர்ப்பாளர்)

பள்ளி ஆசிரியர் எழுதியது:
'தூண்டல்' மாணவர்களுக்குத் தெரிந்த சொல். மின்காந்தத் தூண்டல் பாடத்தில் வருகிறது. என் கவலை 'மருந்து' பற்றியது. எங்கள் ஊரில் "மருந்து வைத்துவிட்டார்கள்" என்றால் மருமகள் சோற்றில் ஏதோ கலந்துவிட்டாள் என்று பொருள். மருந்தால் வந்த நோய் என்று அச்சிட்டால் வீட்டில் சண்டைதான். 'மாத்திரை' என்று போடலாமா?

தோல் மருத்துவர் எழுதியது:
மூட்டுவாதத்துக்கு ஊசியாக ஏற்றும் இன்ஃப்ளிக்சிமாபும் பட்டியலில் இருக்கிறதே, சார்.

புலவர் எழுதியது:
மாத்திரை என்பது எழுத்தின் கால அளவு. மெய்க்கு அரை. அதை விழுங்க முடியாது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
'மருந்து தூண்டிய தோல் லூபஸ்' என்று வைக்கட்டுமா? நாளை வெள்ளி.

பள்ளி ஆசிரியர் எழுதியது:
மருந்து தூண்டியதா, மருந்தைத் தோல் தூண்டியதா? பெயரெச்சத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

தோல் மருத்துவர் எழுதியது:
'மருந்தால் தூண்டப்பட்ட'?

புலவர் எழுதியது:
'படு' போட்டால் நான் உடன்படமாட்டேன்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
'மருந்து தூண்டும் தோல் லூபஸ்'. மூவர் சரி என்றார்கள், ஒருவர் பதிலே போடவில்லை. அனுப்பிவிட்டேன். மருத்துவர் கேட்டபடி, "தடிப்பு வந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்ற வரி தடித்த எழுத்தில் வருகிறது.

புலவர் எழுதியது:
பதிவுக்காக: இலூபசு.