'வந்தேறி' வேண்டாம், 'அடரினம்' எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

வெளியிலிருந்து வந்து பெருகி உள்ளூர் உயிர்களை நெருக்கும் 'இன்வேசிவ் ஸ்பீசிஸ்' என்பதற்கு 'வந்தேறி இனம்' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. மனிதர்களை நோகடிக்கப் புழங்கும் சொல் அது. பொருளும் பொருந்தவில்லை. ஜிலேபிக் கெண்டை தானாக வந்து ஏறவில்லை. 1952-இல் நாம்தான் வளர்க்கக் கொண்டுவந்தோம். கட்லாவும் ரோகுவும்கூட வடக்கத்தி ஆற்று மீன்கள்தாம். ஆனால் கண்மாயில் அவை தாமாகப் பெருகுவதில்லை, குஞ்சு வாங்கி விட வேண்டியிருக்கிறது. ஆக, பெருகி மற்ற மீனை நெருக்குவதுதான் சொல்லில் தெரிய வேண்டும்.

கோடையில் மதுரைப் பக்கம் வற்றும் கண்மாய் எதிலாவது இறங்கிப் பாருங்கள். சேற்றில் தட்டுத் தட்டாக வட்டக் குழிகள் கிடக்கும். ஆண் ஜிலேபி பறித்தவை. பெண் மீன் முட்டையை வாயில் அள்ளிக்கொண்டு, குஞ்சு பொரித்த பிறகும் வாயிலேயே வைத்துக் காக்கும். கெண்டையும் குரவையும் ஏறிய ஊத்தாவில் (சேற்றில் கவிழ்த்து மீன் பிடிக்கும் கூடை) இன்று உள்ளங்கை அகல ஜிலேபிதான் துள்ளுகிறது. அயிரைக் குழம்புக்குப் பேர்போன ஊரில் இதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

'ஆக்கிரமிப்பு இனம்' என்றால் எங்கள் பக்கம் கண்மாய்க்குள் கட்டிய வீடுதான் நினைவுக்கு வரும். அதனால் 'அடரினம்' என்கிறேன். அடர்தல் என்றால் நெருங்கி மண்டுதல். தாக்குதல், நெருக்குதல் என்றும் பொருள் உண்டு. அப்பர் 'அரக்கனை விரலால் அடர்த்திட்ட' என்று பாடியது இந்தப் பொருளில்தான். சீமைக் கருவேலத்துக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் இதே சொல் ஒட்டும். வெளியிலிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்ல 'அயலினம்' தனியே இருக்கட்டும்.

அப்புறம், இவற்றைக் கட்டுப்படுத்தும் வேலைக்கு 'ஒழிப்பு' என்ற சொல்லும் சரியில்லை. நம் கண்மாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுத்தவை. ஒன்றைத் துடைத்து வைத்தாலும், மேல் கண்மாய் நிரம்பி மறுகால் வழியே வழிந்தால் ஜிலேபி திரும்ப இறங்கிவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு 2000-இல் தடை வந்தது. மீன் இன்னும் போகவில்லை. வற்றும்போது ஜிலேபியைக் குஞ்சோடு வழித்தெடுப்பது, மறுகாலில் வலை கட்டுவது, அதைத் தின்னும் நாட்டு விராலைப் பெருக்குவது என்று வருடா வருடம் செய்து எண்ணிக்கையை இறக்கத்தான் முடியும். அதற்கு 'அடரினக் குறைப்பு' போதும் என்பது என் கருத்து. 'மட்டுப்படுத்தல்' நீளமாக இருக்கிறது. இதைவிடச் சின்னச் சொல் தோன்றினால் எழுதுங்கள், செடிக்கும் மீனுக்கும் சேர்த்துப் பொருந்த வேண்டும்.