ரூகாய் இல்லாத மீன் சோறு: சிறுநீரக நோயாளிகளின் வீட்டு அனுபவங்கள்

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து:

என் கணவருக்கு வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் நடக்கிறது. அது தொடங்கியதும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலிருந்து முதலில் விடைபெற்றது நம் தீவின் தக்காளிக் குழம்பான ரூகாய்தான். பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் தக்காளியில் மிகுதி. தக்காளி இல்லாமல் ரூகாய் ஏது? அவரோ கடற்கரையில் வளர்ந்தவர், மீன் இல்லாத சோற்றைப் பத்தியம் என்பவர். ஆகவேதான் ஓவனில் வேகவைக்கும் மீன் சோற்றுக்கு வந்து சேர்ந்தேன்.

இரண்டு கோப்பை பாஸ்மதி அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொள்கிறேன். உப்பில்லாத வெண்ணெயில் வெங்காயம், பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை, தைம் என்ற வாசனைத் தழை ஒரு கொத்து ஆகியவற்றை வதக்கி, நிறத்துக்காகச் சிவப்புக் குடைமிளகாயைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, அரிசியையும் புரட்டி, மூன்றேகால் கோப்பை கொதிநீர் ஊற்றி, ஓவன் தட்டுக்கு மாற்றி, அலுமினியத் தாளால் இறுக மூடி, 180 டிகிரியில் 25 நிமிடம் விடுகிறேன். எலுமிச்சைச் சாறும் மிளகும் மஞ்சளும் தடவிய கப்பித்தேன் என்ற கடல்மீன் துண்டுகளைப் பிறகு மேலே அடுக்கி, மீண்டும் மூடி 12 நிமிடம் வைத்தால் போதும். நான்கு பேருக்கும் சேர்த்துக் கால் தேக்கரண்டி உப்புதான். சூப் கியூப் கிடையாது. தாளைப் பிரிக்கும்போது தட்டின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்திருக்கும் சோற்றுக்குத்தான் எங்கள் வீட்டில் போட்டி. சர்க்கரை நோய்க்காக முன்பு தவிட்டரிசி சாப்பிட்டோம். அவருக்கு ஆகாத பாஸ்பரஸும் பொட்டாசியமும் அதைவிட வெள்ளை அரிசியில் குறைவு என்று உணவியலாளர் சொன்னபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

ஒரு தவறும் செய்தேன். முதல் இரண்டு மாதம் உறைந்த இறாலைப் போட்டுவந்தேன். உப்பை அளந்து, தக்காளியை விலக்கி, பாலையும் குறைத்திருந்தும் இரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் ஏறிக்கொண்டே போனது. உணவியலாளர் இறால் பொட்டலத்தை எடுத்துவரச் சொல்லி, அதன் பின்புறம் எறும்பு வரிசை போன்ற எழுத்தில் இருந்த 'ஈ 451' என்பதைச் சுட்டிக்காட்டினார். இறால் நீரை இழக்காமல் எடை நிற்பதற்காகச் சேர்க்கப்படும் பாஸ்பேட் அது. மீனில் இயல்பாக உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான் உடல் உறிஞ்சுகிறதாம். இப்படிச் சேர்க்கப்படுவதோ ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தில் கலந்துவிடுகிறதாம். அந்த இறால் சட்டியில் வெண்மையாக நீர் விட்டதைப் பலமுறை பார்த்திருந்தும் எனக்கு ஐயம் எழவில்லை. இப்போது சந்தையில் புதிதாகக் கிடைத்தால் மட்டும் இறால், இல்லையேல் மீன் மட்டுமே.

கத்ர் போர்னிலிருந்து:

அக்கா, உங்கள் முறையில் நானும் சமைத்தேன். ஆனால் மீனின் அளவை அப்படியே பின்பற்ற முடியவில்லை. என் தந்தை இன்னும் டயாலிசிஸ் நிலைக்கு வரவில்லை. டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் புரதம் கூடுதலாகத் தேவை, என் தந்தையைப் போன்றவர்களுக்கோ அதைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். ஆகவே அவர் பங்குக்கு ஒரு சிறு துண்டு மீன் மட்டும் வைத்து, மீதி இடத்தை முட்டைக்கோஸால் நிரப்பினேன். "மீன் எங்கே நீந்திப் போயிற்று?" என்று கேட்டபடியே சாப்பிட்டு முடித்தார்.

திரியோலேயிலிருந்து:

உப்புச் சுவைக்கு ஏங்கிய என் மாமியாருக்காகச் சோடியம் குறைந்த உப்பு ஒன்றை வாங்கி, இதே சோற்றில் தாராளமாகத் தூவிவிட்டேன். தட்டை மேசையில் வைத்த பிறகுதான் டப்பாவைப் படித்தேன்: சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு. முழுத் தட்டையும் கொட்ட வேண்டியதாயிற்று. மறுவாரம் புளிப்பால் ஈடுகட்டலாம் என்று தோட்டத்திலிருந்து பிலிம்பி என்ற புளிப்புக் காயைப் பறித்துவந்தேன். அதில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி, சிறுநீரகத்துக்கு அதுவும் ஆகாது என்று மருத்துவமனைத் தாதியார் தடுத்துவிட்டார். இப்போது எலுமிச்சையோடு, இறக்கும் நேரத்தில் நிறையக் கொத்தமல்லி, நம் தீவில் கிரியோல் மொழி பேசுவோரும் 'கொத்தோமிலி' என்றே சொல்லும் அந்தத் தழை, தூவுகிறேன். மாமியார் உப்பைக் கேட்பது வாரம் ஒரு முறையாகக் குறைந்திருக்கிறது.